வீட்டு ஓவன்: எல்லாரும் கேக்குற சந்தேகங்களும் எனக்குத் தெரிஞ்ச பதில்களும்

தென்னாப்பிரிக்கால ஜோஹன்னஸ்பர்க்ல ஏழு வருஷம் இருந்தேன், இப்ப டர்பன் சாட்ஸ்வொர்த்துக்கு வந்து அஞ்சு வருஷம் ஆகுது. ரெண்டு ஊர்லயும் கோயில் பந்தில உக்காந்தா பக்கத்துல இருக்கறவங்க ஒரே விஷயத்தத்தான் கேப்பாங்க, ரெசிபில இருக்கற மாதிரியே பண்ணேன் ஆனா வரலன்னு. ஊர்லேர்ந்து புதுசா வேலைக்கு வந்த பிள்ளைங்களும் கேக்குறாங்க, நாலு தலைமுறையா இங்கயே இருக்கற வீட்டு மருமகளும் கேக்குறாங்க. இங்க வாடகை வீட்டுக்குள்ள நுழைஞ்சாலே சமையக்கட்டுல பெரிய ஓவன் ஒண்ணு நிக்கும், ஊர்ல நம்ம அம்மா வீட்ல அது கிடையாது, அதனால எப்படி பாக்கணும்னு யாரும் சொல்லித் தரல. நான் பாத்த வரைக்கும் தப்பு பெரும்பாலும் ரெசிபிலயும் இல்ல கைலயும் இல்ல, சூட்டுலதான் இருக்கு. அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன்.

ஓவன் குமிழ்ல கோடு கோடா படம் போட்டிருக்கே, அதெல்லாம் என்ன? நான் எப்பவும் ஒரே இடத்துலதான் வைக்கிறேன்.

கட்டத்துக்குள்ள கீழ ஒரு கோடு இருந்தா அடிக் கம்பி மட்டும் சூடாகும். மேல ஒண்ணு கீழ ஒண்ணு இருந்தா ரெண்டும் சூடாகும், கேக்குக்கு இதுதான். மேல மட்டும் வளைஞ்சு வளைஞ்சு கோடு இருந்தா அது கிரில், மேலேர்ந்து நேரா நெருப்பு மாதிரி இறங்கும். விசிறி படம் இருந்தா பின்னாடி ஃபேன் ஓடி சூட்டை உள்ள சுத்தி விடும்.

ஊர் வீடியோல ஓடிஜில, அதாவது மேசை மேல வைக்கற சின்ன ஓவன்ல, "ரெண்டு ராடும் ஆன் பண்ணுங்க"ன்னு சொல்றாங்கல்ல, அது இங்க மேல கீழ கோடு இருக்கற படம்தான். ஒரு அக்கா ஆறு மாசமா கிரில்ல வெச்சு கேக் பண்ணிட்டு மேல கரிக்கட்டையா இருக்கு உள்ள மாவா இருக்குன்னு ரெசிபிய மாத்திக்கிட்டே இருந்தாங்க, குமிழ ஒரு படம் தள்ளி வெச்சதும் அடுத்த கேக் அழகா வந்துச்சு.

லைட் அணைஞ்சா வெச்சிரலாமா? ப்ரீஹீட்னு சொல்லி காலி ஓவன சூடாக்கி கரண்ட வேஸ்ட் பண்ணவா?

வேஸ்ட் இல்லம்மா. லைட் அணையறது உள்ள இருக்கற காத்து அந்த சூட்டுக்கு ஒரு தடவை வந்துருச்சுன்னு சொல்றதுக்குத்தான், சுவர் தட்டு கதவு எல்லாம் இன்னும் அந்த அளவுக்கு சூடாகல. நீங்க கதவத் திறந்தீங்கன்னா காத்து முழுக்க வெளிய போயிரும், சுவர் சூடா இருந்தா ரெண்டு நிமிஷத்துல பழைய நிலைக்கு வந்துரும், இல்லன்னா கேக் பச்சையாவே உக்காந்துட்டு இருக்கும், பேக்கிங் பவுடரோட வேகம் எல்லாம் வீணா போயிரும். லைட் அணைஞ்சப்புறம் இன்னும் பத்து பதினஞ்சு நிமிஷம் விடுங்க. இட்லிப் பானைல தண்ணி கொதிச்சு ஆவி வந்தப்புறம்தான தட்டு வைக்கிறோம், அதே நியாயம்தான்.

கறி வறுவல், பிரியாணி தம், கேசரோல் மாதிரி மெதுவா வேகறதுக்கு இவ்வளவு கறாரா இருக்க வேண்டாம்.

180ன்னு திருப்பி வெச்சா உள்ள 180 தான இருக்கும்?

இருக்காது. இத ஒண்ண மட்டும் நம்புனீங்கன்னா கீழ இருக்கற பாதி கேள்வி தேவையே படாது. தெர்மோஸ்டாட்னு ஒண்ணு கம்பிய அணைச்சு அணைச்சு ஏத்தும், அதனால நல்ல ஓவன்லயே சூடு பத்து பதினஞ்சு டிகிரி மேலயும் கீழயும் போய் வரும், பழைய ஓவன்ல சராசரியே இருபது முப்பது தள்ளி நிக்கும். என் ஜோஹன்னஸ்பர்க் வீட்டு ஓவன் 180ன்னு சொன்னா 205ல நிக்கும், அது தெரியாம ஒரு வருஷம் என் கைராசிதான் சரியில்லன்னு அழுதிருக்கேன்.

ஓவன் தெர்மாமீட்டர்னு சின்னதா டயல் மாதிரி தொங்க விடறது கிடைக்கும், நடு ரேக்ல தொங்க விட்டு அரை மணி நேரம் கழிச்சு பாருங்க, அஞ்சு அஞ்சு நிமிஷமா நாலு தடவை பாத்து நடுத்தரமா எடுத்துக்கோங்க. அது இல்லன்னா சர்க்கரை வெச்சு பாக்கலாம். வெள்ளை சர்க்கரை 186 டிகிரி கிட்ட உருகும், அதனால ஒரு ஸ்பூன் சர்க்கரைய ஃபாயில்ல போட்டு 175ல கால் மணி நேரம் வைங்க, உருகக் கூடாது, உருகுனா உங்க ஓவன் சொல்றத விட சூடு. அப்புறம் 190க்கு ஏத்தி கால் மணி நேரம் வைங்க, உருகணும், உருகலன்னா ஓவன் கம்மி சூடு. எவ்வளவு வித்தியாசம்னு தெரிஞ்சதும் ஒரு சீட்டுல எழுதி ஓவன் பக்கத்துல ஒட்டிருங்க.

ரெசிபில 350ன்னு போட்டிருக்கு, என் ஓவன் 250 வரைக்கும்தான் போகுது!

அது அமெரிக்காக்காரங்க எழுதுனது, ஃபாரன்ஹீட். 325னா நம்ம 160, 350னா 180, 375னா 190, 400னா 200, 425னா 220, இது போதும். ரொம்ப பழைய புஸ்தகத்துல கேஸ் மார்க் 4ன்னு இருந்தா அதுவும் 180தான்.

ஃபேன் போட்டா இருபது டிகிரி குறைச்சுக்கணும். ரெசிபில ஃபேன்னு சொல்லலன்னா சாதா ஓவன்னு எடுத்துக்கோங்க. நான் பிஸ்கட்டுக்கும் வறுவலுக்கும் ஃபேன் போடுவேன், கேக்குக்குப் போட மாட்டேன், அந்தக் காத்து மேல்பாகத்த சீக்கிரம் காய வெச்சுரும்.

ஒரு பக்கம் கருகுது, இன்னொரு பக்கம் வெள்ளையா இருக்கு. ஓவன் கெட்டுப் போச்சா?

கெட்டுப் போகல, எல்லா ஓவன்லயும் ஒரு மூலை சூடா இருக்கும். எதுன்னு கண்டுபிடிக்க வெள்ளை பிரெட் துண்டுகள ரேக் முழுக்க அடுக்கி 180ல ஒரு பத்து நிமிஷம் வைங்க, எங்க சீக்கிரம் செவக்குதோ அதுதான் உங்க சூடான மூலை, அந்த பிரெட்ட பொடி பண்ணி கட்லெட்டுக்கு வெச்சுக்கலாம். அப்புறம் முக்கால்வாசி நேரம் ஆனதும் ட்ரேய திருப்பி வெச்சா போதும், அதுக்கு முன்னாடி கேக்க தொடாதீங்க.

அடி கருகுதுன்னா ரேக் ரொம்ப கீழ இருக்கு. கேக் டின்னோட நடு, ஓவனோட நடுவுல வரணும். கேஸ் ஓவன்ல நெருப்பு கீழ மட்டும்தான், அதனால ஒரு படி மேல வைங்க, கீழ் ரேக்ல ஒரு காலி ட்ரேய வெச்சுட்டீங்கன்னா நேர் சூட்ட அது வாங்கிக்கும். ஓவன் தரைல ஃபாயில் விரிக்காதீங்க, சூடு அடங்கி தெர்மோஸ்டாட்டும் குழம்பிரும், சிலதுல எனாமலோட ஒட்டிக்கும்.

கப் கப்பா அளந்துதான் போட்டேன் அக்கா, ஏன் கல்லு மாதிரி வந்துச்சு?

எந்த கப்னு கேளுங்க முதல்ல. இங்க தென்னாப்பிரிக்கால ஒரு கப்னா 250 மில்லி, அமெரிக்கால 240, வீட்ல டீ குடிக்கிற கப் எதுவோ யாருக்குத் தெரியும். அதுக்கு மேல மாவ எப்படி எடுக்கறீங்கன்னு ஒண்ணு இருக்கு. ஸ்பூனால அள்ளிப் போட்டு கத்தியால வழிச்சா 140 கிராம் கிட்ட வரும், கப்பையே மாவுக்குள்ள விட்டு அமுக்கி எடுத்தா 160 தாண்டும். மூணு கப் ரெசிபில அறுபது கிராம் மாவு கூடுதலா போயிருச்சுன்னா கல்லு மாதிரிதான் வரும்.

சின்ன டிஜிட்டல் தராசு ஒண்ணு வாங்கிருங்க, தெர்மாமீட்டருக்கு அடுத்து நான் வாங்கச் சொல்றது அது மட்டும்தான். மாவு அடிக்கற பீட்டர் மெஷின் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

இங்க கடைல இருக்கற கேக் ஃப்ளவர்தான் நம்ம மைதாவா?

கிட்டத்தட்ட ஆமா. ஊர் ரெசிபில மைதான்னு இருந்தாலும் அமெரிக்க ரெசிபில ஆல் பர்ப்பஸ்னு இருந்தாலும் இங்க கேக் ஃப்ளவர் எடுங்க, நல்லாவே வரும். ஆனா அமெரிக்கக்காரங்க கேக் ஃப்ளவர்னு சொல்றது வேற, அது இன்னும் மெல்லிசான மாவு, அதுக்கு நம்ம கேக் ஃப்ளவர்ல ஒரு கப்புக்கு ரெண்டு டேபிள்ஸ்பூன் எடுத்துட்டு அந்த இடத்துல கார்ன்ஃப்ளவர் போட்டு சலிச்சுக்கோங்க. பிரெட்டுக்கும் பன்னுக்கும் பிரெட் ஃப்ளவர் தனியா இருக்கு. செல்ஃப் ரெய்சிங்ல பேக்கிங் பவுடர் ஏற்கனவே கலந்திருக்கும், அதுல திரும்பவும் போட்டுட்டு கேக் பொங்கி வழிஞ்சுச்சுன்னு சொல்றவங்க ரொம்ப பேர்.

பேக்கிங் பவுடர் இல்ல, பைகார்ப் போட்டுக்கவா? ரெண்டும் வெள்ளைப் பொடிதான?

ஒண்ணுக்கு ஒண்ணு மாத்த முடியாது. பைகார்ப்னா நம்ம ஆப்பசோடா, அது வேல செய்ய புளிப்பு வேணும், தயிரோ வினிகரோ எலுமிச்சையோ இங்க கிடைக்கற அமாசிங்கற புளிச்ச பாலோ. புளிப்பு இல்லாம போட்டா சோப்பு வாசம் வரும். பேக்கிங் பவுடர்ல சோடாவும் புளிப்பும் சேத்தே இருக்கும், ஆனா அதே அளவுல அதோட வேகம் சோடாவுல மூணுல ஒரு பங்குதான்.

டர்பன் ஈரக்காத்துல திறந்த டப்பா சீக்கிரம் செத்துப் போகும். சுடுதண்ணில அரை ஸ்பூன் பேக்கிங் பவுடர் போட்டுப் பாருங்க, நல்லா நுரைச்சா சரி, சும்மா கரைஞ்சா குப்பைல போடுங்க. சோடாவுக்கு தண்ணிக்கு பதிலா வினிகர்.

20 செண்டிமீட்டர் டின்னுக்கு பதிலா 23 போட்டா என்ன ஆகப் போகுது, மூணு செண்டிமீட்டர்தான?

பாக்க மூணுதான், ஆனா வட்டத்தோட பரப்பு 314 சதுர செண்டிமீட்டர்லேர்ந்து 415க்கு போயிருது, மூணுல ஒரு பங்கு கூடுதல். கேக் மெல்லிசா பரவி பத்து நிமிஷம் முன்னாடியே வெந்துரும், நீங்க ரெசிபி நேரத்த நம்பி உக்காந்திருந்தா வறண்டுரும். 23 வட்ட டின் இல்லன்னா 20 சதுர டின் எடுங்க, அது 400, கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

கருப்பு டின் சூட்ட இழுக்கும், பத்து டிகிரி குறைங்க. கண்ணாடி மெதுவா சூடாகி அப்புறம் விடாது, அதுக்கும் பத்து குறைச்சு கொஞ்சம் நேரம் கூட்டுங்க. ஃப்ரீசர்லேர்ந்து நேரா ஓவனுக்கு கண்ணாடிய வெக்கவே வெக்காதீங்க, சூடா இருக்கறப்ப தண்ணியும் ஊத்தாதீங்க, வெடிச்சுரும்.

ஒரு தடவை நடுவுல குழி விழுது, இன்னொரு தடவை மலை மாதிரி வெடிச்சு நிக்குது. என்னதான் பண்ண?

வெடிச்சு நிக்குதுன்னா சூடு அதிகம். ஓரம் முதல்ல இறுகிரும், நடுவுல இருக்கற மாவுக்கு போக வழி இல்லாம மேல முட்டிக்கிட்டு வரும். 160, 165ல வெச்சு நேரத்த கூட்டுங்க. பழைய டவல கிழிச்சு நனைச்சு பிழிஞ்சு டின்ன சுத்தி ஊக்கு குத்தி வெச்சா ஓரம் மெதுவா வேகும், மேல்பாகம் சமமா வரும், இத சொல்லிக் குடுத்தது எங்க தெரு ஆயா ஒருத்தங்க, அவங்க சின்ன வயசுல கரி அடுப்புலயே கிறிஸ்மஸ் கேக் பண்ணவங்க.

குழி விழறதுக்கு காரணம் நிறைய. வேகறதுக்கு முன்னாடி கதவத் திறந்தது, பேக்கிங் பவுடர் அதிகம், நடு வேகாம வெளிய எடுத்தது. முதல் முக்கால் பங்கு நேரம் கதவத் திறக்காதீங்க. குச்சி குத்தி பாக்கறதோட விரலால லேசா அமுக்கியும் பாருங்க, மேல எழும்பி வரணும். ஜோஹன்னஸ்பர்க்ல இருக்கறவங்களுக்கு இன்னொரு காரணம் இருக்கு, அது அடுத்த கேள்வி.

டர்பன்ல என் மாமியார் பண்ணா வர்ற கேக் ஜோஹன்னஸ்பர்க்ல நான் பண்ணா ஏன் உக்காந்துருது? அவங்க ஏதோ சொல்லாம மறைக்கிறாங்களா?

பாவம், அவங்க ஒண்ணும் மறைக்கல. டர்பன் கடலோரம், ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்துலேர்ந்து 1,750 மீட்டர் கிட்ட உயரம். அங்க காத்தோட அழுத்தம் கம்மி, அதனால கேக்குக்குள்ள வர்ற குமிழி எல்லாம் பெருசா வீங்கும், மாவு இறுகறதுக்குள்ள வெடிச்சு அமுங்கிரும். தண்ணியும் 100க்கு பதிலா 94 டிகிரிலயே கொதிக்குது, அதனால ஈரம் சீக்கிரம் ஆவியாகிரும், குளிர்காலத்துல காத்தும் வறண்டு கிடக்கும், மாவே காஞ்சிருக்கும்.

அதே ரெசிபிய அங்க பண்ணும்போது ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போட வேண்டிய இடத்துல முக்கால் போடுங்க. ஒரு கப் சர்க்கரைக்கு ஒரு டேபிள்ஸ்பூன் குறைங்க, ஒரு கப் பாலுக்கு ரெண்டு டேபிள்ஸ்பூன் கூட்டுங்க, சூட்ட பத்து டிகிரி ஏத்துங்க, அப்பத்தான் வீங்கறதுக்குள்ள இறுகும். ஒரே தடவைல எல்லாத்தையும் மாத்தாதீங்க, முதல்ல பேக்கிங் பவுடர குறைச்சு பாருங்க, பல கேக்குக்கு அதுவே போதும். அங்க எழுதுன ரெசிபிய டர்பன்ல பண்றவங்க இத தலைகீழா பண்ணணும்.

புரட்டாசி மாசம் முட்டை தொடமாட்டோம், ஆனா பிள்ளைக்கு பர்த்டே வருது. முட்டை இல்லாம பஞ்சு மாதிரி வருமா?

வரும். இங்க புரட்டாசிய வீட்டுக்கு வீடு எவ்வளவு சுத்தமா புடிக்கறாங்கன்னு தெரியும், அதனால இந்தக் கேள்வி செப்டம்பர் வந்தா நிக்காம வரும். ரெண்டு முட்டை வரைக்கும் போடற ரெசிபின்னா ஒவ்வொரு முட்டைக்கும் 60 மில்லி தயிர் இல்ல அமாசி, அதோட கால் டீஸ்பூன் பைகார்ப். நாலு முட்டை ஸ்பாஞ்சு கேக்க இப்படி மாத்தாதீங்க, அதுக்கு முட்டைதான் தூணு.

அதுக்கு பதிலா கண்டென்ஸ்டு மில்க் கேக் பண்ணுங்க. இங்க டின் 385 கிராம். ஒரு டின், 250 கிராம் கேக் ஃப்ளவர், உருக்குன வெண்ணெய் 100 கிராம், பால் 200 மில்லில ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர், ஒண்ணரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் பைகார்ப், வெனிலா. ஈரமும் காஞ்சதும் தனித்தனியா கலந்து, கடைசில சேத்து இருபது சுத்துக்கு மேல கிண்டாம டின்ல ஊத்தி உடனே வைங்க, சோடா காத்துட்டு இருக்காது. சூடு 165க்கு மேல வேண்டாம், இனிப்புப் பால் சீக்கிரம் செவந்துரும். 20 சதுர டின்ல முப்பத்தஞ்சு நாப்பது நிமிஷம்.

தீபாவளி பிஸ்கட் எல்லாம் ஓவனுக்குள்ள போனதும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி பாய் மாதிரி ஆயிருது.

வெண்ணெய் உருகிப் போச்சு, அவ்வளவுதான். இங்க தீபாவளி வெயில் ஏறற நேரம், டர்பன் சமையக்கட்டுல வெண்ணெய் மேசைல அரை மணி நேரம் இருந்தாலே எண்ணெயா நிக்கும். விரலால அமுக்குனா பள்ளம் விழணும், வழுக்கக் கூடாது, அந்த பதத்துல சர்க்கரையோட அடிங்க. உருட்டி ட்ரேல வெச்சப்புறம் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வைங்க, அங்கேர்ந்து நேரா சூடான ஓவன். வெண்ணெய் 35 டிகிரிக்குள்ளயே உருகிரும், மாவு இறுக அதுக்கு மேல ரொம்ப சூடு வேணும், அதனால ப்ரீஹீட் சரியா இல்லன்னா பிஸ்கட் முதல்ல ஓடிரும். அடுத்த ஈடு வெக்கறப்ப ட்ரேய ஆற விடுங்க, சூடான ட்ரேல மாவ வெச்சா அங்கயே உருக ஆரம்பிச்சுரும்.

நானகட்டாய் பிஸ்கட்டுக்கு 160 போதும், அடி லேசா செவந்ததும் எடுங்க, மேல வெள்ளையா இருக்கறதுதான் அழகு. வெளிய எடுக்கறப்ப மெத்துன்னு இருக்கும், ஆறுனா இறுகும். முழுசா ஆறுனப்புறம்தான் டப்பால போடணும், இந்த ஊர் ஈரத்துக்கு மூடி இறுக்கமா இருக்கணும்.

கல்யாணத்துக்கு பண்ற மாதிரி பிரியாணி தம் ஓவன்ல போட முடியுமா? சிக்கன் வெச்சா தண்ணி விட்டு அவிச்ச மாதிரி ஆகுதே, அதுக்கும் ஒரு வழி சொல்லுங்க.

பிரியாணிக்கு ஓவன் மாதிரி வராது, எல்லா பக்கமும் ஒரே சூடு, அடிப்பிடிக்கவே பிடிக்காது. மசூர் பருப்பு, வறுத்த உருளைக்கிழங்கு, முட்டை வெச்ச டர்பன் பிரியாணிக்கு கறி முக்கால் பதம் வெந்திருக்கணும், அரிசி முக்கால் பதம், அடுக்கி, மூடிக்குக் கீழ ஃபாயில ரெண்டு மடிப்பா இறுக்கி 180ல இருபது நிமிஷம், அப்புறம் 150ல நாப்பது. திறக்காம பத்து நிமிஷம் விடுங்க.

சிக்கன் செவக்கணும்னா மேல் தோல் 140 டிகிரி தாண்டணும், ஈரம் இருக்கற வரைக்கும் அது 100ஐ தாண்டாது. தந்தூரின்னா ஒட்டியிருக்கற தயிர் மசாலாவ வழிச்சுட்டு, ட்ரே மேல கம்பி ரேக் வெச்சு அதுல இடைவெளி விட்டு அடுக்குங்க, 220ல வெச்சு கடைசி அஞ்சு நிமிஷம் கிரில். ட்ரேல நெருக்கி அடுக்குனா அவியத்தான் செய்யும். எலும்பு கிட்ட 74 டிகிரி வந்தா வெந்தாச்சு.

பாதில கரண்ட் போச்சுன்னா கேக்க தூக்கிப் போட வேண்டியதுதானா?

2023ல தினம் தினம் கரண்ட் போனப்ப இத எல்லாரும் கேட்டாங்க, இப்பவும் எப்பவாவது ஒயர் போச்சுன்னா கேக்குறாங்க. கதவத் திறக்காதீங்க, அதுதான் முதல் வேல. நல்லா ப்ரீஹீட் ஆன ஓவன் சுவர்ல இருக்கற சூடு ரொம்ப நேரம் நிக்கும். முக்கால்வாசி வெந்திருந்தா அந்த சூட்டுலயே முடிஞ்சுரும், வழக்கத்த விட இருபது நிமிஷம் கூட விட்டு பாருங்க. பாதி கூட ஆகலன்னா கேக் அமுங்கும், கரண்ட் வந்ததும் வேகவெச்சு துண்டு போட்டு கஸ்டர்ட் ஊத்திக் குடுங்க, பிள்ளைங்க மிச்சம் வெக்காது. கறி, சிக்கன் மட்டும் வெதுவெதுப்பா மணிக்கணக்குல கிடக்க விடாதீங்க, கேஸ்ல மாத்தி வேகவெச்சுருங்க.

பிரெட்டுக்குள்ள தெர்மாமீட்டர் குத்தி 96 வரணும்னு வீடியோல சொல்றாங்க. நான் ஜோஹன்னஸ்பர்க்ல இருக்கேன், ஒரு மணி நேரம் ஆகியும் 93லயே நிக்குது, மேல கருகுது.

நிக்கத்தான் செய்யும். மேல சொன்னேன்ல, அங்க தண்ணி 94லயே கொதிக்கும்னு. பிரெட்டுக்குள்ள ஈரம் இருக்கற வரைக்கும் சூடு அதைத் தாண்டாது, 96க்கு காத்திருந்தா பிரெட் ரஸ்க் ஆகற வரைக்கும் காத்திருக்கணும். அங்க 90, 91 வந்தா எடுத்துருங்க. இந்தக் கேள்விய கேட்ட தம்பி மூணு வாரமா வறண்ட பிரெட் சாப்பிட்டுட்டு இருந்திருக்கான்.

ஈஸ்ட்டும் பாருங்க, அமெரிக்க ரெசிபில ஒரு பாக்கெட்னா 7 கிராம், இங்க பாக்கெட் 10 கிராம். முழுசா போட்டா அந்த உயரத்துல மாவு கிடுகிடுன்னு பொங்கி புளிச்சுரும். கடிகாரத்த பாக்காம மாவு ரெண்டு மடங்கு ஆனதும் எடுங்க.

ரெண்டு வருஷமா நல்லா வந்த அதே கேக், அதே டின், போன மாசத்துலேர்ந்து வரவே மாட்டேங்குது. கண்ணு பட்ருச்சுன்னு அம்மா சொல்றாங்க.

அம்மா சொல்றபடி சுத்திப் போட்டுருங்க, அதோட கதவு ரப்பரையும் பாருங்க. ஒரு பேப்பர கதவிடுக்குல வெச்சு மூடி இழுங்க, சும்மா வழுக்கிட்டு வந்தா ரப்பர் போச்சு, சூடு அந்த வழியா வெளிய போகுது. நாலு பக்கமும் பாருங்க, பெரும்பாலும் மேல் ஓரம்தான் முதல்ல போகும். ரப்பர் சரியா இருந்தா, அஞ்சு நிமிஷம் ஓட விட்டு கதவத் திறந்து தொடாம கைய மேல காட்டிப் பாருங்க, அடிலேர்ந்து சூடே வரலன்னா கீழ் கம்பி எரியலன்னு அர்த்தம், பல ஓவன்ல அது தரைத் தகட்டுக்கு அடில மறைஞ்சிருக்கும். அதுவும் சரியா இருந்தா மூணாவது கேள்வில சொன்ன சர்க்கரைச் சோதனைய திரும்பப் பண்ணுங்க, தெர்மோஸ்டாட் வயசானா நகரும். கம்பியோ தெர்மோஸ்டாட்டோ மாத்தறதுக்கு ஆள் கூப்பிடுங்க, அவர் வர்றதுக்கு முன்னாடி சுவர்ல இருக்கற அடுப்பு ஸ்விட்ச அணைச்சு வைங்க, குமிழ மட்டும் அணைச்சா போதாது.